வெந்நீர்க் கடலில் வளர்ந்த சிப்பிகள்

ஓமன் நாட்டின் வறண்ட மலைநிலத்தில் கிடைத்த ஒரு சிப்பி ஓட்டில், ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் வாழ்க்கை நாள் தவறாமல் பதிந்திருக்கிறது. மரத்தை அறுத்தால் வளையங்கள் தெரிவதுபோல, இந்த ஓட்டை அறுத்தால் நாளுக்கொன்றாகப் படிந்த மெல்லிய படலங்கள் தெரிகின்றன. பிரஸ்ஸல்ஸில் பணியாற்றிய ஆய்வாளர் நீல்ஸ் டி விண்டரும் அவருடைய குழுவினரும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளிகளை லேசரால் துளைத்து, அந்தப் படலங்களை எண்ணினார்கள். சிப்பி ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தது. அதன் காலத்தில் ஓர் ஆண்டுக்கு 372 நாட்கள். ஒரு நாளுக்கு ஏறத்தாழ இருபத்து மூன்றரை மணி நேரம். கடலின் ஏற்ற இறக்கத்தால் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்ந்துவருவதால் இன்று நமக்கு நாள் நீண்டு, நாட்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. 2020இல் இந்த ஆய்வு வெளியானபோது உலகச் செய்தித்தாள்கள் இந்தக் கணக்கைத்தான் தலைப்பாக்கின. அதே ஓடு சொன்ன இன்னொரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்தச் சிப்பி வாழ்ந்த ஆழமற்ற கடலில் கோடைகால நீரின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குளிர்காலத்திலும் 30 டிகிரிக்குக் கீழே போகவில்லை. நான் பேச விரும்புவது இந்த இரண்டாவது கணக்கைப் பற்றி.

ஏனென்றால், காலநிலை மாற்றம் பற்றிய விவாதங்களில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. பூமி முன்பும் சூடாக இருந்திருக்கிறது, காற்றில் கரியமிலவாயு இன்றைவிட அதிகமாக இருந்திருக்கிறது, அப்போதும் கடலில் உயிர்கள் செழித்தன, ஆகவே இப்போதும் அவை சமாளித்துக்கொள்ளும் என்பது அந்த வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இதற்கு ருடிஸ்ட் எனப்படும் இந்தச் சிப்பிகளைவிடச் சிறந்த சாட்சி கிடைக்காது. ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, கிரெட்டேசியஸ் காலம் முடிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, வெப்பக் கடல்களின் ஆழமற்ற பரப்புகளை இவை ஆண்டன. இன்று பவளங்கள் இருக்கும் இடங்களில் பலவற்றில் அன்று இவைதான் இருந்தன. சாட்சி உண்மைதான். ஆனால் அந்தச் சாட்சியை முழுவதும் கேட்க வேண்டும். இந்தச் சிப்பிகள் எப்படி வளர்ந்தன, எவ்வளவு காலத்தில் மாறின, எப்போதெல்லாம் விழுந்தன என்று பார்த்தால், அவற்றின் ஓடுகள் அந்த ஆறுதலுக்கு எதிராகவே பேசுகின்றன. வெப்பத்தின் அளவை மட்டும் பிடித்துக்கொண்டு, அது எத்தனை வேகத்தில் வந்தது என்பதை விட்டுவிடுகிறோம். பிழை அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் உடலமைப்பைப் பார்ப்போம். அதில்தான் காலத்தின் கணக்கு ஒளிந்திருக்கிறது. சமையலுக்கு வரும் மட்டியில் இரண்டு ஓடுகள் இருக்கும். ஒன்று மற்றொன்றின் நிழல்போல. முதுகுப்பக்கத்தில் ரப்பர் போன்ற ஒரு நார் இரண்டையும் இணைக்கும். தசை சுருங்கினால் ஓடு மூடும். தசை தளர்ந்தால் இந்த நார் ஓட்டைத் திறக்கும். ஓடு எப்போதும் விளிம்பில்தான் வளர்கிறது. வளர வளர நாரும் கூடவே நீள வேண்டும். நார் வெளிப்புறத்தில் இருக்கும்வரை, ஓட்டின் மூக்குப்பகுதி வெளிப்பக்கமாகச் சுருண்டுகொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை. ருடிஸ்ட்களின் முன்னோடியான டைசெராஸ் அப்படித்தான் இருந்தது: இரண்டு ஆட்டுக்கொம்புகளை ஒட்டவைத்த தோற்றம். ஓர் ஓட்டின் நுனியால் தரையைப் பற்றிக்கொண்டு அது வாழ்ந்தது. பின்னர் வந்த வகைகளில் அந்த நார் ஓட்டுக்குள் மடிந்து போனது. மாற்றம் மிகச் சிறியது. ஆனால் அதனால் சுருள வேண்டிய கட்டாயம் நீங்கியது. கீழ் ஓடு நேராக, குழாய்போல, ஐஸ்கிரீம் கூம்புபோல உயரலாம்; மேல் ஓடு அதற்கு மூடியாக அமரலாம். பிரிட்டிஷ் தொல்லுயிரியலாளர் பீட்டர் ஸ்கெல்டன் இந்த உள்மடிந்த நாரைத்தான் இக்குழுவின் பிற்கால வளர்ச்சிக்கெல்லாம் திறவுகோலாகக் காட்டுகிறார். நானும் அதை ஏற்கிறேன். ஒரு நார் இடம் மாறியதால் ஒரு கடலின் தரையே வேறாகியது என்பதைவிடத் தெளிவான பரிணாமப் பாடம் எனக்குத் தெரியாது.

அந்தக் கட்டு அவிழ்ந்த பிறகு உருவங்கள் பலவாகப் பிரிந்தன. சில பாறையிலோ பிற ஓடுகளிலோ தட்டையாக ஒட்டிக் கிடந்தன. சில, நீரோட்டம் பலமாக இருந்த மணற்பரப்புகளில் கொம்புபோல வளைந்து படுத்துக் கிடந்தன. கரீபியக் கடலில் வாழ்ந்த டைட்டனோசார்கோலைட்டஸ் இந்த வகையில் ராட்சத உருவம் எடுத்தது. மற்றவை செங்குத்தாக உயர்ந்தன. இவற்றின் வளர்ச்சிமுறை என்னை மிகவும் கவர்வது. சுற்றிலும் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். புதைந்துபோகாமல் இருக்கச் சிப்பி மேலே வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் உடல் அவ்வளவு பெரியதல்ல. ஆகவே அது குழாயின் உச்சியில் ஒரு சிறு அறையில் குடியிருந்து, மேலே நகர நகரக் கீழே தளம் போட்டுப் பழைய அறைகளை அடைத்துக்கொண்டே வந்தது. ரேடியோலிட்டிட் குடும்பத்துச் சிப்பிகள் இன்னும் சிக்கனமானவை: ஓட்டின் வெளிச்சுவரைத் தேன்கூடுபோல வெற்றறைகளாகக் கட்டின, குறைந்த சுண்ணாம்பில் தடித்த சுவர். ஹிப்புரிட்டிட் குடும்பத்தில் மூடி ஓடு முழுக்கத் துளைகளும் கால்வாய்களும் இருந்தன. இவை சிப்பிகள்தான் என்பதே நெடுங்காலம் பிடிபடவில்லை. 1781இல் பிரான்சின் பிகோ த லாபேரூஸ், பிரெனீஸ் மலையில் கிடைத்த ஹிப்புரிட்டிட் ஓடுகளைக் கணவாய் இனத்தோடு உறவுள்ள நேர்கூம்பு ஓடுகளின் வரிசையில் சேர்த்தார். பவளம் என்று எண்ணியவர்களும் உண்டு. தென் பிரான்சில் இவை கொட்டிக் கிடக்கும் ஒரு குன்றுக்குக் கொம்புகளின் மலை என்றே பெயர்.

இவை கட்டியது பவளத்திட்டு போன்றதா? இந்தக் கேள்வி வெறும் சொற்சண்டை அல்ல. பல காலம் ருடிஸ்ட் திட்டுகள் என்றே பாடநூல்கள் எழுதின. 1995இல் ஆய்வாளர்கள் யூலாலியா கிலி, ஜான் பியர் மாஸ், ஸ்கெல்டன் மூவரும் அதை மறுத்தார்கள். பவளங்கள் ஒன்றோடொன்று பின்னி, அலையை எதிர்த்து நிற்கும் சட்டகம் கட்டுகின்றன. ருடிஸ்ட்களில் பெரும்பாலானவை தளர்ந்த வண்டலில் கால் ஊன்றி, நெருக்கமாக, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்ற கூட்டங்கள்; சட்டகம் இல்லை. நாற்றங்காலில் நெற்பயிர் நிற்பதுபோல என்று சொல்லலாம். வேரூன்றிய வண்டல்தான் அவற்றைப் பிடித்து வைத்தது. இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. இந்தச் சிப்பிகள் வெப்பக் கடலில் வாழத் தகுதி பெற்றவை என்று பொதுவாகச் சொல்வது போதாது. குறிப்பிட்ட ஆழம், குறிப்பிட்ட வேகத்தில் படியும் வண்டல், குறிப்பிட்ட நீரோட்டம், இவற்றுக்கு ஏற்பத் தங்கள் உடலைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் செதுக்கிக்கொண்டவை அவை. வளர்ந்த சிப்பியால் நகர முடியாது, மணலுக்குள் புதைந்து ஒளிய முடியாது. சூழல் மாறினால் அவ்வளவுதான்.

கடல்நீரின் வேதியியலும் அவற்றுக்குச் சாதகமாக இருந்தது. கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடிப் பிளவுகளில் புதிய எரிமலைப் பாறை மிக வேகமாக உருவாகிக்கொண்டிருந்தது. சூடான அந்தப் பாறை கடல்நீரிலிருந்து மக்னீசியத்தை இழுத்துக்கொண்டு கால்சியத்தை விடும். ஆய்வாளர்கள் ஸ்டீவன் ஸ்டேன்லியும் லாரன்ஸ் ஹார்டியும் காட்டியபடி, அப்படிப்பட்ட கடலில் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் எளிதாக உருவாகும். பவளங்கள் கட்டும் அரகோனைட் என்ற படிகத்துக்கு அந்த அனுகூலம் கிடையாது. ருடிஸ்ட்களின் வெளி ஓடு கால்சைட், உள் ஓடு அரகோனைட். கிரெட்டேசியஸின் பிற்பாதியில் கால்சைட் பகுதி தடித்த குடும்பங்களே மேலோங்கின. இங்கேதான் முதல் கேள்வி எழ வேண்டும். காற்றில் கரியமிலவாயு அவ்வளவு இருந்தும் கடல் ஏன் ஓடுகளைக் கரைக்கவில்லை? பதில் காலத்தில் இருக்கிறது. கரியமிலவாயு இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஏறினால், நிலத்துப் பாறைகள் மழையில் அரிக்கப்பட்டு, ஆறுகள் வழியே கடலுக்குக் காரத்தன்மை வந்து சேர்ந்து கணக்கை நேர்செய்துவிடும். வாயு அதிகம், ஆனாலும் ஓடு கட்டச் சுண்ணாம்பு தாராளம் என்ற நிலை அப்படித்தான் சாத்தியமாயிற்று. அதே அளவு வாயு இரண்டு நூற்றாண்டுகளில் கடலில் இறங்கினால் அந்த ஈடுசெய்யும் வேலைக்கு நேரமே இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கடல் மேற்பரப்பின் pH அளவு 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. பார்பெல் ஹோனிஷ் தலைமையில் 2012இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, இன்று கடல் வேதியியலில் தொடங்கியிருக்கும் மாற்றத்துக்குக் கடந்த 30 கோடி ஆண்டுகளில் இணை இல்லாமல் போகலாம் என்று மதிப்பிட்டது. ருடிஸ்ட்களின் முழு வரலாறும் அந்த 30 கோடிக்குள் அடக்கம்.

மீண்டும் ஓமன் சிப்பிக்கு வருவோம். அதன் ஓட்டில் பருவங்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிடப் பகலுக்கும் இரவுக்கும் இடையே இருந்த வேறுபாடு பெரிது. பகலில் வேகமாக வளர்ந்திருக்கிறது. வெறும் நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி சூரியனை இவ்வளவு நம்பியிருக்கத் தேவையில்லை. தன் சதையில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசிகளுக்கு இடம் கொடுத்து, அவை சமைக்கும் உணவில் பங்கு பெற்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இலட்சத்தீவுகளிலும் அந்தமானிலும் இன்று வாழும் ராட்சதச் சிப்பிகள் அப்படித்தான் வாழ்கின்றன, பவளங்களும் அப்படியே. ஒரே ஒரு ஓட்டை வைத்து இத்தனை சொல்லலாமா என்று கேட்பது நியாயம். ருடிஸ்ட்கள் எல்லாமே பாசியோடு வாழ்ந்தன என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அந்தக் கேள்வி குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனியே ஆராயப்பட வேண்டியது. ஆனால் இந்த ஒரு சிப்பியின் விஷயத்திலேனும் சான்று வலுவானது. அது சொல்வதும் ஆறுதலான செய்தி அல்ல. 40 டிகிரி என்பது சிப்பி இனங்களின் உடல் தாங்கும் எல்லையை நெருங்கிய வெப்பம். கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்நீருக்குப் பழகிய உயிரே ஒவ்வொரு கோடையிலும் விளிம்பில் நின்றிருக்கிறது. பாசிக் கூட்டும் வலிமை மட்டுமல்ல, வெப்பம் மிஞ்சினால் முதலில் முறியும் கண்ணி. இன்றைய பவளமும் ராட்சதச் சிப்பியும் வெளிறிப்போவது அந்தக் கண்ணி முறிவதால்தான்.

விழுந்தாலும் எழுந்தனவே என்பது அடுத்த மறுப்பு. உண்மை. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், பிறகு 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், பெரும் எரிமலை வெடிப்புகளோடு தொடர்புடைய இரண்டு நெருக்கடிகளில் கடலின் பெரும்பகுதி பிராணவாயு இழந்தது. ஆழமற்ற சுண்ணாம்புத் தளங்கள் பல மூழ்கின. ருடிஸ்ட் குடும்பங்கள் பலமாக அடிபட்டன. ஒவ்வொரு முறையும் குழு மீண்டது. ஆனால் மீண்டது யார்? தடித்த அரகோனைட் ஓடும் கால்வாய்களும் கொண்டு ஒரு காலத்தில் கோலோச்சிய காப்ரினிட் குடும்பம் இரண்டாவது நெருக்கடியோடு ஏறக்குறைய மறைந்தது. அந்த இடத்தை நிரப்பியவை வேறு குடும்பங்கள். அவை செழித்துப் பரவியது இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின். புவியியல் அட்டவணையில் ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் ருடிஸ்ட் என்ற பெயர் இருப்பதைப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று படிப்பது தவறு. அந்தக் கோட்டின் தடிமனுக்குள் மனித இனத்தின் முழு வரலாறும் அடங்கிவிடும். மீட்சி என்ற சொல்லை அங்கிருந்து எடுத்து, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கான நம்பிக்கையாகத் தருவது நேர்மையாகாது.

இன்னொரு மறுப்பு எனக்கு உண்மையிலேயே முக்கியமாகப் படுகிறது: ருடிஸ்ட்களை இறுதியில் அழித்தது வெப்பம் அல்ல, விண்கல். ஒரு காலத்தில், கிரெட்டேசியஸ் முடிவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் முன்பே இவை தேய்ந்து மறைந்துவிட்டன என்ற கருத்து வலுவாக இருந்தது. என் வாதத்துக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும். ஆனால் 2002இல் தாமஸ் ஸ்டாய்பரும் சக ஆய்வாளர்களும் ஜமைக்காவின் சுண்ணாம்புக்கற்களை ஸ்ட்ரான்சியம் அணுக்களைக் கொண்டு காலக்கணிப்பு செய்தபோது, இச்சிப்பிகள் முடிவை ஒட்டியும் பலவகையாகச் செழித்திருந்தது தெரிந்தது. ஆகவே தேய்வல்ல, திடீர் மரணம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மரணம் என் வாதத்தை வெட்டவில்லை. ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் வெப்பத்தையும் வேதியியலையும் வண்டலையும் கற்றுக்கொண்ட குழு, எதிர்பாராத வேகத்தில் வந்த மாற்றத்தின் முன் முழுவதுமாக வீழ்ந்தது. ஒரு வகைகூட மிஞ்சவில்லை. அதே நேரத்தில் கலங்கல், உப்பு, குளிர் எல்லாம் மாறிமாறி வரும் நீரிலும் பிழைக்கத் தெரிந்த ஆளி என்ற சிப்பி இனம் தப்பி இன்றும் இருக்கிறது. அரியலூர் கல்லங்குறிச்சிப் பகுதியில் சிமென்ட்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடைசிக் காலத்தின் கடல் படிவுதான். அதில் அடுக்கடுக்காகக் கிடப்பவை ஆளி இனத்தின் தடித்த ஓடுகள். நுட்பமாகத் தகவமைந்தது எது, எதையும் தாங்குவது எது என்ற வேறுபாடு அந்தச் சுரங்கச் சுவரில் தெரிகிறது. இன்றைய பவளம் இவ்விரண்டில் எதைப் போன்றது என்று கேட்டால், வருத்தத்தோடு ருடிஸ்ட்களைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்ச்சான்றாகப் பாரசீக வளைகுடாவைச் சொல்வார்கள். அங்கே கோடையில் நீர் 35 டிகிரியைத் தொட்டும் பவளங்கள் வாழ்கின்றன. அந்த வளைகுடா கடைசிப் பனியுகத்தில் வறண்ட நிலமாக இருந்து, பிறகு சில ஆயிரம் ஆண்டுகளில் கடல் புகுந்த இடம். ஆக, கோடி ஆண்டுகள் தேவையில்லை, சில ஆயிரம் ஆண்டுகளில் பவளம் பழகிக்கொண்டிருக்கிறதே? இது நல்ல சான்று, என் வாதத்தைத் திருத்தவும் செய்கிறது: தகவமைப்பு எப்போதும் அவ்வளவு மெதுவானதல்ல. ஆனால் ஆயிரம் ஆண்டுகள் என்பதும் நம்மிடம் இல்லாத காலம். அப்படிப் பழகிய அந்தப் பவளங்களே 2017 கோடையில் அபுதாபிக் கரையில் பெருமளவில் மடிந்தன. உலகளாவிய பவள வெளிறல் 1998இல் முதன்முதலாகப் பதிவாயிற்று. பிறகு 2010, பிறகு 2014 முதல் 2017 வரை, பிறகு 2023இல் தொடங்கிய நான்காவது. மன்னார் வளைகுடாவின் பவளங்களும் 2010இலும் 2016இலும் வெளிறின. முதலுக்கும் நான்காவதுக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். ருடிஸ்ட்களின் இரண்டு பெரும் நெருக்கடிகளுக்கு இடையே இருந்தது ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுகள். வெளிறலும் பேரழிவும் ஒன்றல்ல, அதை மறக்கவில்லை. வெளிறிய பவளம் தேறவும் செய்யும், அடுத்த அடி விழுமுன் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிடைத்தால்.

இந்தச் சிப்பிகளைப் பற்றி இத்தனை நுட்பமாக நமக்குத் தெரிவதற்கு ஒரு பெரிய காரணம் எண்ணெய். செங்குத்தாக நின்ற குழாய்கள், வெற்றறைச் சுவர்கள், உடைந்து சிதறிய ஓட்டுத் துணுக்குகள் எல்லாம் சேர்ந்து ருடிஸ்ட் சுண்ணாம்புக்கல்லைத் துளைகள் நிறைந்த பாறையாக்கின. வேறு பாறைகளில் உருவான எண்ணெய் அந்தத் துளைகளுக்குள் வந்து தேங்கியது. சவூதி அரேபியாவின் ஷைபா வயலும் மெக்சிகோவின் பொன்வழித்தடம் என்று பெயர்பெற்ற வயல்களும் அப்படிப்பட்டவை. எங்கே துளையிடலாம் என்று அறிய, சிப்பிக் கூட்டங்கள் எந்த ஆழத்தில், எந்த நீரோட்டத்தில் வளர்ந்தன என்று நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தன. அந்த அறிவை வைத்துத்தான் இந்தக் கட்டுரையையும் எழுத முடிகிறது. அந்த எண்ணெயோ, கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்த ஓடுகளின் இடுக்கில் கிடந்த கரி. மெக்சிகோவில் அந்தப் பாறையிலிருந்து எண்ணெய் பீறிடத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில். இன்றைக்கு அதிலிருந்து ஏறத்தாழ 120 ஆண்டுகள்தான் ஆகின்றன.